உங்களுக்குத் தெரியுமா? குறுக்கீடு குறைந்தால் வேகம் கூடும்

◆ மணமேல்குடிக் கரையிலிருந்து கடலுக்குப் போகிறவர்களுக்கு ஜிபிஎஸ் கருவி இன்று துடுப்பு அளவுக்கு அவசியம். பாக் நீரிணையில் சர்வதேச எல்லை எங்கே இருக்கிறது என்று தண்ணீரைப் பார்த்துச் சொல்ல முடியாது, திரையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கடல் கருவிகள் ஒன்றுக்கொன்று தகவல் அனுப்ப 'என்எம்ஈஏ 0183' என்ற முறை உலகம் முழுக்கப் புழக்கத்தில் உள்ளது. அதன் வழக்கமான வேகம் வினாடிக்கு 4,800 பிட். ஓர் எழுத்துக்கு 10 பிட் என்ற கணக்கில் வினாடிக்கு 480 எழுத்துகள். பழைய வகை சீரியல் சிப், ஒவ்வோர் எழுத்து வந்து விழும்போதும் பிராசஸரைக் கூப்பிடும். பிராசஸர் செய்துகொண்டிருக்கும் வேலையை அப்படியே நிறுத்திவிட்டு வந்து அந்த ஓர் எழுத்தை எடுத்துக்கொண்டு போகும். இந்தக் கூப்பாட்டுக்குத்தான் இன்டரப்ட், தமிழில் குறுக்கீடு என்று பெயர். 480 எழுத்துக்கு 480 குறுக்கீடுகள்.

◆ இதே வேலையை வினாடிக்கு ஏறத்தாழ 34 குறுக்கீடுகளில் முடித்துவிடலாம். 16550ஏ என்ற சீரியல் சிப்புக்குள் 16 எழுத்துகளைப் பிடித்து வைக்கும் வரிசை ஒன்று உண்டு. "14 சேர்ந்த பிறகு கூப்பிட்டால் போதும்" என்று, கருவியை இயக்கும் மென்பொருளான டிரைவர் அதற்குச் சொல்லி வைக்கலாம். மீதி இரண்டு இடம் எதற்கு? கூப்பிட்ட பிறகு பிராசஸர் வந்து சேரச் சற்று நேரம் ஆகும். அதற்குள் வந்துவிடும் எழுத்துகளுக்கு அந்த இடம். 14 சேராமலே தகவல் நின்றுபோனால் என்ன செய்வது? நான்கு எழுத்து வரக்கூடிய நேரம் வரை புதிதாக எதுவும் வரவில்லையென்றால் சிப் தானாகவே கூப்பிட்டுவிடும். சேர்த்து வை, ஆனால் காலவரம்பு வை. இந்தப் பத்தியில் இனி வரப்போகும் பெரிய கண்டுபிடிப்புகள் பலவற்றுக்கும் இந்த விதிதான் வேர்.

◆ ஓர் எழுத்து தவறினால் ஒரு வரியே போய்விடும். என்எம்ஈஏ வரி ஒவ்வொன்றின் முடிவிலும் சரிபார்ப்பு எண் ஒன்றைச் சேர்த்து அனுப்பலாம், ஜிபிஎஸ் கருவிகள் பெரும்பாலும் அப்படித்தான் அனுப்புகின்றன. கணக்கு இடித்தால் வாங்கும் கருவி முழு வரியையும் தள்ளிவிடும். 4,800 வேகத்தில் இரண்டு எழுத்துகளுக்கு இடையே இரண்டு மில்லிவினாடி கிடைக்கும், பயமில்லை. 1,15,200 வேகத்துக்குப் போனால் கிடைப்பது 87 மைக்ரோவினாடிதான். வரிசை இல்லாத பழைய சிப்பில், அதற்குள் டிரைவர் வந்து எடுக்காவிட்டால் அடுத்த எழுத்து முந்தையதை அழித்துவிடும்.

◆ குறுக்கீடு இலவசம் அல்ல. கூப்பாடு வந்ததும் பிராசஸர் பாதியில் நிற்கும் கட்டளைகளைக் கைவிட வேண்டும், பதிவகங்களைச் சேமிக்க வேண்டும், இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் நுழைய வேண்டும், வேலை முடிந்ததும் திரும்ப வேண்டும். இதற்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடிகாரச் சுழற்சிகள் போகக்கூடும். அதைவிடப் பெரிய நஷ்டம் கண்ணுக்குத் தெரியாது: பழைய வேலைக்காகக் கேஷ் நினைவகத்தில் சூடாக இருந்த தரவுகளை குறுக்கீட்டைக் கையாளும் நிரலான ஹேண்ட்லரின் தரவுகள் வெளியே தள்ளிவிடும். 2018 ஜனவரியில் பிராசஸர்களில் இருந்த மெல்ட்டவுன் என்ற ஓட்டை வெளியே தெரிந்ததும், பாதுகாப்புக்காகக் கெர்னலின் நினைவக அட்டவணையைத் தனியே பிரித்தார்கள். பாதிக்கப்பட்ட பிராசஸர்களில் கெர்னலுக்குள் நுழைந்து திரும்பும் செலவு அதனால் இன்னும் கூடியது.

◆ வெளிக்கருவிகளுக்காகக் குறுக்கீட்டைப் பயன்படுத்திய முதல் கணினி என்று சொல்லப்படுவது 1954இல் அமெரிக்காவில் முடிக்கப்பட்ட டைசியாக். ராணுவத்துக்காக டிரெய்லர் வண்டிகளுக்குள் கட்டப்பட்டது.

◆ குறுக்கீட்டைக் கண்டு கணினி அறிவியல் மேதை எட்ஸ்கர் டைக்ஸ்ட்ராவே தயங்கினார். நெதர்லாந்தில் எக்ஸ்1 கணினியை வடிவமைத்த நண்பர்கள் அதில் குறுக்கீட்டு வசதி வைக்க விரும்பியபோது, எந்தக் கணத்தில் வரும் என்றே சொல்ல முடியாத ஒன்றை வைத்துக்கொண்டு நிரலைப் பிழையில்லாமல் எழுதுவது எப்படி என்று கவலைப்பட்டார். ஒருமுறை தோன்றிய பிழையை மறுபடி தோன்ற வைத்துப் பார்க்க முடியாது என்பதே அவருடைய அச்சம். பிறகு அவரே அதற்கான கையாளும் நிரலை எழுதினார், 1959இல் அதையே முனைவர் பட்ட ஆய்வாகவும் சமர்ப்பித்தார். டிரைவர் எழுதுகிறவர்களை இன்றும் இரவு தூங்கவிடாமல் செய்வது அதே அச்சம்தான்.

◆ 1969 ஜூலை 20. நிலவில் இறங்கிக்கொண்டிருந்த ஈகிள் கலத்தின் கணினி '1202' என்ற அபாய எண்ணைக் காட்டியது. இறங்குவதற்குத் தேவைப்படாத ஒரு ரேடாரின் இணைப்பு, வினாடிக்கு 12,800 துடிப்புகளைக் கணினிக்குள் அனுப்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு துடிப்பும் ஒரு நினைவகச் சுழற்சியைத் திருடியது. முழுக் குறுக்கீடு அல்ல, அதன் நெருங்கிய உறவு. கணினி நேரத்தில் ஏறத்தாழ 15 சதவீதம் அதிலேயே போனது. முக்கியம் குறைந்த வேலைகளை உதறிவிட்டு முக்கியமானவற்றை மட்டும் தொடரும்படி மென்பொருளை எழுதியிருந்ததால் கலம் பத்திரமாக இறங்கியது.

◆ நம் பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரிகளில் படித்த எல்லோருக்கும் 8085 பரிச்சயம். 1976இல் வந்த அந்தச் சிப்பில் டிராப், ஆர்எஸ்டி 7.5, 6.5, 5.5, இன்டர் என ஐந்து குறுக்கீட்டு வழிகள். தேர்வில் இதற்கு மதிப்பெண் உறுதி. ஆனால் குறுக்கீடுகள் அளவுக்கு மீறி வந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி பாடத்தில் வருவதே அரிது. வேலைக்குப் போன பிறகு சர்வர் திணறும்போது முதலில் தேவைப்படுவது அந்தக் கேள்விக்கான பதில்தான்.

◆ அந்தப் பதிலைத் தந்தவர்களில் ஒருவர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எம்.டெக். படித்தவர். பெயர் கே.கே. ராமகிருஷ்ணன். ஜெஃப்ரி மோகலுடன் சேர்ந்து 1996 ஜனவரியில் யூசெனிக்ஸ் மாநாட்டில் அவர் அளித்த கட்டுரை இந்தத் துறையின் திருப்புமுனை. ஒரு ஆல்ஃபா கணினியை ரௌட்டராக வைத்து, அதன்மீது நெட்வொர்க் பாக்கெட்டுகளை மேலும் மேலும் வேகமாக அனுப்பிப் பார்த்தார்கள். பாக்கெட்டைச் சோதித்து அனுப்பும் ஸ்கிரீன்டி என்ற நிரலும் அதில் ஓடியது. வினாடிக்கு ஏறத்தாழ 2,000 பாக்கெட் வரை கணினி சமாளித்தது. அதற்கு மேல் போகப் போக, வெளியே வரும் பாக்கெட்டுகளின் எண்ணிக்கை நிலைக்கவில்லை, இறங்கியது. வினாடிக்கு 6,000 உள்ளே போனபோது வெளியே வந்தது பூஜ்யம்.

◆ பூஜ்யம் ஏன்? கணினி சும்மா இருக்கவில்லை, முழு மூச்சாக உழைத்துக்கொண்டிருந்தது. படகு வரும் ஒவ்வொரு முறையும் ஏலம் போடுகிறவரே ஓடிப்போய்க் கூடையை இறக்கிக்கொண்டிருந்தால், கரை முழுக்க மீன் குவியும், ஒரு கூடையும் ஏலம் போகாது, கடைசியில் எல்லாம் அழுகிப்போகும். கணினியிலும் அதுவே நடந்தது. பாக்கெட் வந்ததும் எழும் குறுக்கீட்டுக்கு முதல் உரிமை. அதை உள்ளே வாங்கி வரிசையில் வைப்பதிலேயே பிராசஸரின் நேரம் முழுக்கப் போனது. வரிசையிலிருந்து எடுத்து அனுப்ப வேண்டிய நிரலுக்கு முறையே வரவில்லை. வரிசை நிரம்பியதும், பாடுபட்டு வாங்கிய பாக்கெட்டைக் கீழே போட வேண்டியதாயிற்று. இந்த நிலைக்கு 'ரிசீவ் லைவ்லாக்' என்று பெயர்.

◆ அவர்கள் சொன்ன மருந்து எளிமையானது. முதல் பாக்கெட் வந்ததும் ஒரு குறுக்கீடு வரட்டும். உடனே அந்த நெட்வொர்க் அட்டையின் குறுக்கீட்டை அணைத்துவிடு. பிறகு கெர்னலே தன் வசதிப்படி அட்டையிடம் போய் "இன்னும் இருக்கிறதா" என்று கேட்டுக் கேட்டு எடுக்கட்டும். ஒரு சுற்றில் இத்தனைதான் என்று உச்சவரம்பு வை. ஸ்கிரீன்டிக்கான வரிசை 75 சதவீதம் நிரம்பினால் உள்ளே வாங்குவதையே நிறுத்து, 25 சதவீதத்துக்கு இறங்கியதும் மறுபடி தொடங்கு. அளவுக்கு மீறி வரும் பாக்கெட் எப்படியும் கைவிடப்படத்தான் போகிறது. அதை உழைப்பு செலவழிவதற்கு முன்பே, வாசலிலேயே கைவிடு என்பதுதான் இதன் சாரம். இந்த மாற்றத்துக்குப் பின், சுமை எவ்வளவு ஏறினாலும் கணினி தன் உச்ச வேகத்திலேயே நின்றது.

◆ உங்கள் ஆண்ட்ராய்டு கைபேசியின் கெர்னலுக்குள்ளும் இந்த யோசனை இருக்கிறது. ஜமால் ஹாதி சலீம், ராபர்ட் ஓல்சன், அலெக்ஸி குஸ்னெட்சோவ் மூவரும் 2001இல் இதை, ஆண்ட்ராய்டுக்கு அடிப்படையான லினக்ஸுக்குக் கொண்டுவந்தார்கள், 'நாப்பி' என்பது அதன் பெயர். டிரைவர் ஒரு முறைக்கு அதிகபட்சம் 64 பாக்கெட் எடுக்கலாம் என்பது வழக்கமான அளவு. 64க்குக் குறைவாகக் கிடைத்தால் கூட்டம் ஓய்ந்துவிட்டது என்று பொருள், குறுக்கீட்டை மறுபடி திறந்துவிட்டுப் போகலாம். 64 முழுதாகக் கிடைத்தால் இன்னும் நிற்கிறது என்று பொருள், திறக்காமல் வரிசையின் கடைசிக்குப் போய் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும். எல்லா அட்டைகளுக்கும் சேர்த்து ஒரு சுற்றுக்கு 300 பாக்கெட் அல்லது சில மில்லிவினாடி என்று இன்னொரு வரம்பும் உண்டு. அதற்கு மேலும் வேலை மிஞ்சினால், மற்ற நிரல்களோடு சமமாக முறை எடுக்கும் ஒரு கெர்னல் இழையிடம் அது ஒப்படைக்கப்படும். சுமை குறைவாக இருக்கும்போது குறுக்கீடு, சுமை ஏறும்போது கேட்டு எடுப்பது. இந்த மாற்றம் தானாகவே நடக்கிறது என்பதே இதன் சிறப்பு. என்னைக் கேட்டால், கெர்னலில் உள்ள மிக நேர்த்தியான யோசனைகளில் இது ஒன்று.

◆ 10 கிகாபிட் இணைப்பில் மிகச் சிறிய பாக்கெட்டுகள் இடைவிடாமல் வந்தால் வினாடிக்கு 1 கோடியே 48 லட்சம் வரும். ஒன்றுக்குக் கிடைக்கும் நேரம் 67 நானோவினாடி. 3 கிகாஹெர்ட்ஸ் பிராசஸருக்கு அது சுமார் 200 சுழற்சிகள். பாக்கெட்டுக்கு ஒரு குறுக்கீடு என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

◆ நெட்வொர்க் அட்டையிடமே பொறுமை கற்றுக்கொடுக்கலாம். இத்தனை பாக்கெட் சேரட்டும், அல்லது இத்தனை மைக்ரோவினாடி ஆகட்டும், அதன்பிறகு கூப்பிடு என்று டிரைவர் அட்டையில் எழுதி வைக்கும். இன்டெலின் கிகாபிட் அட்டைகளுக்கான லினக்ஸ் டிரைவர் போக்குவரத்தைப் பார்த்து குறுக்கீடுகளின் எண்ணிக்கையை வினாடிக்கு 4,000 முதல் 20,000 வரை தானே கூட்டிக் குறைக்கும். பெரிய கோப்பு இறங்கும்போது குறைந்த எண்ணிக்கை போதும். ஒரு கேள்வி, ஒரு பதில் என்று சிறு செய்திகள் ஓடும்போது எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு பதிலும் அட்டையிலேயே காத்துக் கிடக்கும். எல்லாச் சூழலுக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. 'வேகமாக்கும் அமைப்பு' என்று யாரோ சொன்ன எண்ணை அப்படியே பதிப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

◆ குறுக்கீடே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களும் உண்டு. இன்டெலில் பணியாற்றிய வெங்கி வெங்கடேசன் உருவாக்கிய டிபிடிகே என்ற மென்பொருள் தொகுப்பு 2010இல் வெளிவந்தது. அது கெர்னலையே தாண்டிப் போய், ஒரு பிராசஸர் கோரை இடைவிடாமல் அட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கச் செய்யும். தொலைத்தொடர்பு நிறுவனங்களின் உபகரணங்களில் இதற்குப் பெரிய இடம். 'டிபிடிகேவின் தந்தை' என்று துறையினர் அழைத்த வெங்கடேசன் 2018இல் புற்றுநோயால் காலமானார். இந்த முறைக்கு ஒரு விலை உண்டு: பாக்கெட்டே வராத நள்ளிரவிலும் அந்தக் கோர் நூறு சதவீதம் ஓடி மின்சாரம் தின்னும்.

◆ அந்த விலையைக் குறைக்க ஏறத்தாழ 30 வரி நிரல் போதுமாக இருந்தது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்ட்டின் கார்ஸ்டனும் ஜோ டமாட்டோவும் கொண்டுவந்த மாற்றம் 2025 ஜனவரியில் லினக்ஸ் 6.13இல் வெளியானது. பயன்பாட்டு நிரல் தானே பாக்கெட்டுகளை எடுத்துக்கொண்டு மும்முரமாக இருக்கும் வரை குறுக்கீடு அடக்கி வைக்கப்படும், நிரல் ஓய்ந்ததும் குறுக்கீடு திரும்ப வரும். சாதகமான சூழலில் 30 சதவீதம் வரை மின்சாரம் மிச்சமாகலாம் என்றது பல்கலைக்கழகம். அது உச்ச அளவு, நெட்வொர்க் வேலையே பிரதானமான சர்வர்களுக்குப் பொருந்துவது. ஆனாலும் 30 வரிக்கு இது பெரிய விளைச்சல்.

◆ ஹேண்ட்லருக்குள் தூங்கக் கூடாது. லினக்ஸில் இது கட்டளை. குறுக்கீட்டு ஹேண்ட்லர் எதற்காகவும் காத்திருக்க முடியாது. அப்படிக் காத்திருக்கும் செயல்பாடு ஒன்றை அழைத்துவிட்டால் கெர்னல் உடனே பதிவேட்டில் புகார் எழுதும். அதனால் டிரைவர் வேலையை இரண்டாகப் பிரிக்கிறார்கள். மேல்பாதி கருவியின் குரலை ஏற்று, அவசரமானதை மட்டும் செய்துவிட்டுக் கிளம்பிவிடும். மீதியைக் கீழ்ப்பாதி பிறகு செய்யும். மேல்பாதி எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்ல டிரைவர். புதிதாக எழுதுகிறவர்கள் ஹேண்ட்லருக்குள்ளேயே எல்லாவற்றையும் முடித்துவிடத் துடிப்பார்கள். டிரைவர் மெதுவாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் முதலில் திறந்து பார்க்க வேண்டிய இடம் அது.

◆ விண்டோஸில் ஹேண்ட்லர் 25 மைக்ரோவினாடிக்குள், தள்ளிப்போட்ட பகுதி 100 மைக்ரோவினாடிக்குள் முடிய வேண்டும் என்பது மைக்ரோசாஃப்டின் அறிவுரை. பாட்டு கேட்கும்போது நடுவில் 'டப் டப்' என்று சத்தம் வருகிறதா? ஸ்பீக்கரைக் குறை சொல்லும் முன் யோசியுங்கள். வைஃபை அல்லது கிராபிக்ஸ் டிரைவர் அந்த வரம்பை மீறி நேரம் எடுத்துக்கொள்வதால் ஒலிக்கான முறை தவறியிருக்கலாம்.

◆ ஒரு வரியில் ஆயிரக்கணக்கான சுழற்சிகளைத் தொலைக்கலாம். பிசிஐ எக்ஸ்பிரஸ் கருவியின் பதிவகத்தில் எழுதுவது மலிவு: பிராசஸர் அனுப்பிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். அதே பதிவகத்தைப் படிப்பது பெரிய செலவு. கேள்வி கருவி வரை போய்ப் பதில் திரும்பும் வரை பிராசஸர் நிற்க வேண்டும், ஒரு மைக்ரோவினாடி அளவுக்குக்கூட ஆகும். அதனால் நல்ல கருவிகள் தம் நிலையைத் தாமே முதன்மை நினைவகத்தில் எழுதிவிடுகின்றன, டிரைவர் அங்கே பார்த்துக்கொள்ளும். ஹேண்ட்லரில் உள்ள பதிவக வாசிப்புகளை எண்ணிப் பாருங்கள். ஒன்றைக் குறைத்தாலும் வித்தியாசம் அளவீட்டில் தெரியும்.

◆ பழைய கணினிகளில் குறுக்கீட்டுக்குத் தனிக் கம்பி. 1984இன் ஐபிஎம் ஏடி வகைக் கணினியில் பயன்படுத்தக்கூடியவை 15. கருவிகள் பெருகியதும் பல கருவிகள் ஒரே கம்பியைப் பகிர்ந்தன. கூப்பிட்டது யார் என்று ஒவ்வொரு டிரைவரும் தன் கருவியிடம் போய்க் கேட்க வேண்டியிருந்தது. இப்போது கம்பிக்குப் பதில் செய்தி: கருவி குறிப்பிட்ட நினைவக முகவரியில் ஓர் எண்ணை எழுதும், அதுவே குறுக்கீடு. எம்எஸ்ஐ முறையில் ஒரு கருவிக்கு 32 வரை, எம்எஸ்ஐ-எக்ஸ் முறையில் 2,048 வரை தனித்தனிக் குறுக்கீடுகள் வைத்துக்கொள்ளலாம்.

◆ இந்தச் செய்தி முறையில் இன்னொரு நன்மை ஒளிந்திருக்கிறது. கம்பி வழியே வரும் கூப்பாடு, தரவு நினைவகத்தைச் சேரும் முன்பே பிராசஸரை எட்டிவிடலாம். அதனால் டிரைவர் ஒரு பதிவகத்தைப் படித்து, தரவு வந்துவிட்டதை உறுதி செய்ய வேண்டும். செய்திக் குறுக்கீடு தரவு வந்த அதே பாதையில் அதன் பின்னாலேயே வருகிறது. அது வந்துவிட்டால் தரவும் வந்துவிட்டது. சற்று முன் சொன்ன விலையுயர்ந்த வாசிப்பு ஒன்று மிச்சம்.

◆ யாரும் ஏற்காத குறுக்கீட்டுக்கு லினக்ஸ் வைத்திருக்கும் எண் 99,900. ஒரு வழியில் வந்த 1,00,000 குறுக்கீடுகளில் 99,900க்கு மேல் 'என்னுடையது அல்ல' என்று எல்லா டிரைவர்களும் கைவிரித்துவிட்டால், 'யாரும் கண்டுகொள்ளவில்லை' என்ற பொருளில் பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு அந்த வழியையே கெர்னல் அடைத்துவிடும். இந்தப் பாதுகாப்பு இல்லாவிட்டால், கெட்டுப்போன ஒரு கருவி முழுக் கணினியையும் உறையவைத்துவிடும்.

◆ எட்டுக் கோர் இருந்தும் ஒரு கோர் மட்டும் கொதிப்பது சர்வர்களில் அடிக்கடி காணும் காட்சி. குறுக்கீடுகள் எல்லாம் ஒரே கோருக்குப் போவது பல நேரங்களில் காரணம். நவீன நெட்வொர்க் அட்டைகள் பல வரிசைகள் வைத்து, ஒரே இணைப்பின் பாக்கெட்டுகள் ஒரே வரிசைக்குப் போகும்படி பிரித்து, ஒவ்வொரு வரிசையையும் ஒரு கோருக்கு ஒதுக்குகின்றன. அந்த வசதி இல்லாத அட்டைகளுக்காக கூகிளின் டாம் ஹெர்பர்ட் எழுதிய மென்பொருள் வழி 2010இல் லினக்ஸ் 2.6.35இல் சேர்ந்தது. தரவைப் பயன்படுத்தும் நிரல் ஓடும் கோருக்கே குறுக்கீடும் வந்தால் இன்னும் நல்லது, கேஷ் வீணாகாது.

◆ ஹார்ட் டிஸ்க் காலத்து ஏஹெச்சிஐ முறையில் ஒரு வட்டுக்கு ஒரே வரிசை, அதில் 32 கட்டளைகள். 2011இல் வந்த என்விஎம்ஈ முறை 65,535 வரிசைகள் வரை அனுமதிக்கிறது. கோருக்கு ஒரு வரிசை, வரிசைக்கு ஒரு குறுக்கீடு என்று வைத்துக்கொள்ள இதனால் முடிகிறது.

◆ யுஎஸ்பி மவுஸ் குறுக்கீடு அனுப்புவதில்லை. யுஎஸ்பியில் கருவி தானாக வாய் திறக்க முடியாது, கணினி கேட்டால்தான் சொல்லும். சாதாரண மவுஸிடம் 8 மில்லிவினாடிக்கு ஒருமுறை, விளையாட்டு மவுஸிடம் 1 மில்லிவினாடிக்கு ஒருமுறை கேட்கப்படுகிறது. அந்தப் பரிமாற்றத்துக்கு 'இன்டரப்ட் டிரான்ஸ்ஃபர்' என்று பெயர் வைத்திருப்பதால் பலர் குழம்புகிறார்கள். கேட்டு வாங்கும் வேலையை யுஎஸ்பி கட்டுப்படுத்தியே செய்துகொண்டு, தகவல் கிடைத்தால் மட்டும் பிராசஸரைக் கூப்பிடும்.

◆ கடிகாரமும் ஒரு குறுக்கீடுதான். 2003இன் லினக்ஸ் 2.6 சாதாரணக் கணினிகளில் வினாடிக்கு 1,000 முறை பிராசஸரை எழுப்பியது, 2005இல் வழக்கமான அளவு 250 ஆனது. வேலையே இல்லாதபோதும் ஏன் எழுப்ப வேண்டும் என்று கேட்டு, 2007இன் 2.6.21 முதல் சும்மா இருக்கும் பிராசஸருக்கு அந்தத் துடிப்பையே நிறுத்தினார்கள். மடிக்கணினியின் பேட்டரி கூடுதல் நேரம் நிற்பதில் இதற்கும் பங்கு உண்டு.

◆ நீங்கள் நடக்கும் ஒவ்வோர் அடிக்கும் கைபேசி விழித்துக்கொண்டால் மாலைக்குள் பேட்டரி தீர்ந்துவிடும். 2013இன் ஆண்ட்ராய்டு 4.4 முதல், வசதியுள்ள கைபேசிகளில் அடி எண்ணும் உணரி தன் தகவல்களைத் தானே சேர்த்து வைத்து, மொத்தமாக ஒருமுறை பிராசஸரை எழுப்புகிறது.

◆ 2024 ஆகஸ்ட் 30இல் நாடளவில் தொடங்கி வைக்கப்பட்ட திட்டத்தில் 364 கோடி ரூபாய் செலவில் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் பொருத்தப்படுகிறது. தொழில்நுட்பம் இஸ்ரோவுடையது. கைபேசிச் சிக்னல் எட்டாத கடலிலிருந்தும் செயற்கைக்கோள் வழியே ஆபத்துச் செய்தி அனுப்பலாம், கரையிலிருந்து வரும் எச்சரிக்கையைப் பெறலாம். பேட்டரியில் ஓடும் சிறு கருவிகளில் பொதுவாகப் பிராசஸர் பெரும்பாலான நேரம் தூங்கிக்கொண்டிருக்கும். குறுக்கீடு வரும் வரை தூங்கு என்பதற்கு ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ் இரண்டிலும் ஒரே பெயரில் கட்டளை உண்டு: டபிள்யூஎஃப்ஐ. அத்தகைய கருவியில் பொத்தானை அழுத்துவது ஒரு குறுக்கீடு, அதுதான் சிப்பை எழுப்புகிறது. குறைவாகக் குறுக்கிடு என்று இதுவரை சொன்னதெல்லாம், இப்படிப்பட்ட குறுக்கீடு வரும்போது பாதை காலியாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

◆ பொத்தானில் ஒரு சிக்கல்: ஒருமுறை அழுத்தினால் உள்ளே உள்ள உலோகத் தகடு சில மில்லிவினாடி அதிர்ந்து பல குறுக்கீடுகளை எழுப்பும். முதல் குறுக்கீட்டை ஏற்றதும் மற்றவற்றைச் சிறிது நேரம் அடைத்து வைத்து, பிறகு பொத்தானின் நிலையைப் படிப்பது நல்ல டிரைவரின் பழக்கம்.

◆ குறுக்கீட்டுக்கு விரைந்து பதில் தருவதில் சின்னச் சிப் பெரிய சிப்பை மிஞ்சும். ஆர்ம் கார்ட்டெக்ஸ்-எம்3, எம்4 சிப்புகள், நினைவகம் தாமதிக்காதபோது, 12 சுழற்சிகளில் ஹேண்ட்லருக்குள் நுழைந்துவிடும். ஒரு ஹேண்ட்லர் முடியும்போது அடுத்த குறுக்கீடு காத்திருந்தால், சேமித்த பதிவகங்களை வெளியே எடுத்து மறுபடி உள்ளே வைக்கும் வேலையைத் தவிர்த்து 6 சுழற்சிகளில் தாவிவிடும்.

◆ ஹேண்ட்லர்களைச் சாதாரண இழைகளாக ஓடவிட்டு, அவற்றைவிட முக்கியமான வேலைக்கு முதலிடம் கொடுக்கும் வழி 2009இல் லினக்ஸ் 2.6.30இல் சேர்ந்தது. குறித்த நேரத்துக்குள் பதில் தந்தே ஆக வேண்டிய இயந்திரங்களுக்கான நிகழ்நேர லினக்ஸின் ஒரு துண்டு அது. அதன் முழு வடிவம் முதன்மைக் கெர்னலில் சேர இன்னும் 15 ஆண்டு ஆனது. 2024 செப்டம்பரில் வியன்னா மாநாட்டில் தாமஸ் கிளைக்ஸ்னர் அதைச் சேர்க்கக் கோரும் வேண்டுகோளைக் காகிதத்தில் அச்சிட்டு, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் கையிலேயே கொடுத்தார். நவம்பரில் 6.12 வெளியானது. ஏறத்தாழ 20 ஆண்டு உழைப்பு.

◆ 2025 பிப்ரவரியில் ஐஐடி மெட்ராஸும் இஸ்ரோவும் ஐரிஸ் என்ற சிப்பை இயக்கிக் காட்டின. ஐஐடியின் சக்தி பிராசஸர் அதன் மையம், விண்வெளிப் பயன்பாட்டுக்கான கட்டுப்பாட்டுச் சிப். சண்டிகரில் உற்பத்தி, சென்னையில் பலகையில் பொருத்தம். சொந்தச் சிப் வந்தால் சொந்த டிரைவர்களும் வேண்டும். குறுக்கீட்டைச் சிக்கனமாகக் கையாளத் தெரிந்தவர்களுக்கு இனி இங்கேயே வேலை இருக்கிறது.

◆ கடைசியாக, மாணவர்களுக்கு. தமிழ்நாடு அரசு 2011 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. மணமேல்குடி, மீமிசல், கட்டுமாவடிப் பக்கம் பல வீடுகளில் அவற்றில் ஒன்று பரணில் கிடக்கலாம். எடுத்துத் தூசி தட்டி, பாஸ் லினக்ஸில் தொடங்கி, டெர்மினலைத் திறந்து, 'ப்ராக்' அடைவில் உள்ள 'இன்டரப்ட்ஸ்' என்ற கோப்பைப் பாருங்கள். ஒவ்வொரு வரியும் ஒரு குறுக்கீட்டு வழி. இடது ஓரத்தில் அதன் எண், நடுவில் ஒவ்வொரு கோரும் இதுவரை அதை எத்தனை முறை ஏற்றது என்ற கணக்கு, வலது ஓரத்தில் டிரைவரின் பெயர். ஒருமுறை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு படத்தை இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டே மறுபடி பாருங்கள். எந்த வரி ஓடுகிறது, எந்தக் கோரில் ஓடுகிறது, வினாடிக்கு எத்தனை என்று கழித்துக் கணக்கிடுங்கள். அந்த டிரைவரின் மூலநிரல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, அதில் ஹேண்ட்லர் எத்தனை வரி என்று எண்ணுங்கள். கண்டதை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள்.